தரங்கம்பாடிக்கு வராத வண்டு

வட அமெரிக்காவின் மணல் தடங்களில் ஓடித் திரியும் புலி வண்டு ஒன்றின் அறிவியல் பெயர் சிசிண்டெலா ட்ராங்குபாரிகா. ட்ராங்குபார் என்பது நம் தரங்கம்பாடிதான். 1806இல் அதற்குப் பெயர் சூட்டிய ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹெர்ப்ஸ்ட், தன் கையிலிருந்த மாதிரி தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்று நம்பிவிட்டார். இந்தியாவில் அந்த வண்டு எங்கும் கிடையாது. ஊர் தவறு என்பதற்காகப் பெயரை மாற்றப் பெயரிடல் விதிகள் இடம் தருவதில்லை. அதனால் சோழநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்று அமெரிக்க வண்டின் முதுகில் இருநூறு ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருக்கிறது. எதிர்த் திசையிலும் இதே கதை உண்டு. பொன்வண்டுப் பேரினமான ஸ்டெர்னோசெராவில் 'ஒரிஸ்ஸா' என்று பெயர் கொண்ட இனம் வாழ்வது ஒடிசாவில் அல்ல, ஆப்பிரிக்காவின் தெற்கில்.

தென்னிந்திய வண்டுகள் எங்கிருந்து வந்தன என்று பேசத் தொடங்கினால் முதல் தடுமாற்றமே இங்கேதான். வண்டு எங்கே பிடிபட்டது என்பதே சந்தேகமாக இருக்கும்போது அதன் பூர்வீகத்தை எப்படிச் சொல்வது? தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்ததால், உயிரினப் பெயரிடல் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான டேனிஷ் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸுக்குக் கோரமண்டல் கரைப் பூச்சிகள் கப்பலில் போய்ச் சேர்ந்தன. நம் சமவெளி வண்டுகள் பலவற்றின் முதல் விவரிப்பு அவருடையது. பிறகு வந்த ஆங்கிலேயர்கள் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள். கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையினர் அருங்காட்சியகமே நடத்தினார்கள். ஆக, பழைய பதிவுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் வண்டுகளின் பரவல் தெரிவதைவிட, பங்களாவும் மலைப்பாதையும் இருந்த இடங்களே பளிச்சென்று தெரியும். அகத்தியமலையின் உட்காடு வெறிச்சோடிக் கிடக்கும். வண்டு இல்லாமல் அல்ல, போக ஆளில்லாமல்.

வண்டு மாதிரிகளோடு வைத்திருக்கும் பழைய சீட்டுகளில் மூன்று சொற்களைக் கண்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'நீலகிரி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 300 மீட்டர் அடிவாரமாகவும் இருக்கலாம், 2,637 மீட்டர் தொட்டபெட்டாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான வண்டுகள் மிகக் குறைவு. 'மலபார்' என்பது சிலர் கையில் மேற்குக் கரை முழுவதையும் குறிக்கும். 'மதுரா' இன்னும் மோசம். நம் மதுரையும் அதுதான், ஜாவாவை ஒட்டியுள்ள மதுரா தீவும் அதுதான். மழைக்காட்டு வண்டு ஒன்று 'மதுரா'விலிருந்து பதிவாகியிருந்தால், சேகரித்தவர் யார், அந்த ஆண்டில் அவர் எங்கே இருந்தார், அதே பெட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படி அலசாமல் எடுத்து எழுதிய பட்டியல்களால் இல்லாத 'மலேயத் தொடர்புகள்' பல உருவாகியிருக்கின்றன.

உலகில் பெயர் வைக்கப்பட்ட வண்டுகள் ஏறத்தாழ 4 லட்சம் இனங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் கிழக்கே மழைமறைவுச் சமவெளி, துண்டு துண்டாக நிற்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை, பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே வண்டுலகமாகப் பார்ப்பதுதான் வசதி. இந்த வண்டுலகத்தைப் பற்றிக் கேட்டதும் பலர் வாயில் உடனே வருவது 'கோண்டுவானா', அதாவது இந்தியாவும் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் மற்ற தென்கண்டங்களும் ஒன்றாக இருந்த பழைய பெருநிலம். என் கட்சி வேறு. கண்டம் பிரிந்த கதையால் விளங்குவது கொஞ்சம்தான். மழை எங்கே நின்றது, காடு எப்போது அறுந்தது, வண்டுக்குச் சிறகு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளால் விளங்குவது அதைவிட அதிகம்.

கோண்டுவானாக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்தியத் தட்டு மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆசியாவோடு முட்டியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். நடுவில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காண லாவா பெருக்கெடுத்தது. இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அந்தக் கருங்கல் படிந்திருக்கிறது. பெளகாவிக்குத் தெற்கே லாவா வரவில்லை என்பதால், பழைய உயிர்கள் தப்பியிருந்தால் அது தெற்கே என்று எதிர்பார்ப்பது நியாயமே. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 2003இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளைக்குச் செஷல்ஸ் தீவுகளில் சொந்தம் இருப்பது தெரிந்ததும் இந்த எதிர்பார்ப்புக்கு வலு கூடியது.

ஆனால் தவளைக்கான நியாயம் வண்டுக்குப் பொருந்தாது. தவளைக்கு உப்புநீர் எமன். வண்டு பறக்கும். பறக்காத வண்டின் புழுகூட மிதக்கும் மரத்துக்குள் இருந்தபடியே கடல் தாண்டும். ஆகவே ஒரு வண்டை 'கோண்டுவானா எச்சம்' என்று அழைக்கச் சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அதன் நெருங்கிய சகோதரக் கிளை ஆசியாவில் அல்லாமல் மடகாஸ்கரிலோ செஷல்ஸிலோ இருக்க வேண்டும். இரு கிளைகளும் பிரிந்த காலம் தட்டுகள் பிரிந்த காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கிளையின் பழைய எச்சம் வடக்கே கிடைக்காமலும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதுவது பரவலாக நடக்கும் தவறு.

அந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பதற்குப் புலி வண்டுகளே போதும். தரையில் ஓடாமல் அடிமரத்தில் ஓடும் புலி வண்டுகள் உண்டு. ஒல்லியான உடல், நீண்ட கழுத்து, எறும்பைப் போன்ற சாயல். நம் பக்கம் டெரோக்ரேனியா, ட்ரைகாண்டைலா. மடகாஸ்கரில் மட்டுமே வாழும் போகோனோஸ்டோமா அதே சாயல். தென் அமெரிக்காவின் டெனோஸ்டோமாவும் அப்படித்தான். மூன்று கண்டத் துண்டுகள், ஒரே உருவம் என்றதும் கை பரபரக்கும். ஆனால் மரத்தில் எறும்புபோல் ஓடிப் பிழைக்கும் எந்தப் புலி வண்டுக்கும் இந்த உருவம்தான் வாய்க்கும். உருவ ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

காலக் கணக்கிலும் பள்ளம் உண்டு. வண்டுகளின் வயதைக் கணிக்கப் பெரும்பாலும் எடுப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட துண்டு. இரண்டு இனங்களுக்கு இடையே 7 சதவீத வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்ற பழைய வேகத்தில் கணக்கிட்டால் 30 லட்சம் ஆண்டுகள் வரும். ஈஜியன் தீவுகளின் கருவண்டுகளை வைத்துத் திருத்திய 3.54 சதவீத வேகத்தில் 20 லட்சம்தான். பத்து லட்சம் ஆண்டு வித்தியாசத்தில் ஒரு பனியுகச் சுழற்சி அல்ல, பல சுழற்சிகள் அடங்கும். அதைவிட முக்கியமான சிக்கல், 8 கோடி ஆண்டுப் பிரிவை அளக்க இந்தத் துண்டு உதவவே உதவாது. ஒரே இடத்தில் எழுத்துகள் திரும்பத் திரும்ப மாறி, பழைய தடம் அழிந்துபோயிருக்கும். அதற்கு மெதுவாக மாறும் உட்கரு மரபணுக்கள் வேண்டும், அத்துடன் வயது தெரிந்த தொல்லெச்சம் ஒன்றாவது வேண்டும்.

தொல்லெச்சம் குஜராத்தில் இருக்கிறது. காம்பே பகுதி நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் அம்பர், குங்கிலியக் குடும்பத்து மரங்களின் பிசின் உறைந்து உண்டானது. வயது 5 கோடி ஆண்டுக்குச் சற்று மேல், அதாவது இந்தியா ஆசியாவைத் தொடும் தறுவாய். பல கோடி ஆண்டு தனித்து மிதந்த தீவென்றால் அதன் பூச்சிகள் விசித்திரமாக இருக்க வேண்டும். 2010இல் வெளியான ஆய்வில் தெரிந்தது நேர்மாறு. ஐரோப்பிய, ஆசியச் சொந்தங்கள் அதில் தாராளமாக இருந்தன. இந்தியா அப்போதே போக்குவரத்துள்ள இடமாக இருந்திருக்கிறது.

அந்த அம்பரிலிருந்து 2014இல் பார்க்கரும் கிரிமால்டியும் விவரித்த வண்டு ப்ரோடோகிளாவிஜர் ட்ரைகோடென்ஸ். எறும்புப் புற்றுக்குள் எறும்புகளாலேயே ஊட்டி வளர்க்கப்படும் வண்டுக் கூட்டத்தின் பழைய உறுப்பினர். இன்றைய கிளாவிஜர் வண்டுகளில் வயிற்றின் மேற்பக்கத் தகடுகள் ஒட்டி ஒரே தகடாகிவிட்டன. தொல்லெச்சத்தில் அவை இன்னும் தனித்தனியாக இருக்கின்றன. ஆனால் எறும்பை மயக்கும் சுரப்பை நக்கக் கொடுக்கும் மயிர்க்கற்றைகள் அப்போதே வந்துவிட்டன. முதலில் எறும்போடு ஒப்பந்தம், உடல் மாற்றம் மெல்லப் பிறகு. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சியில் இத்தனை வரலாறு.

இனி கிழக்கு வாசல். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டு வண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் பெரியவை பலவற்றின் சொந்தம் வடகிழக்கு இந்தியா, பர்மா, மலேயா பக்கம் இருக்கிறது. கொம்பு வண்டுகளைப் பாருங்கள். ஓடோன்டோலேபிஸ் பேரினத்தில் பர்மைஸ்டெரி, டெலெஸ்ஸெர்ட்டி என்ற இரண்டு இனங்கள் தென்னிந்தியாவுக்கே உரியவை. மற்ற உறவுகள் வடகிழக்கிலிருந்து சுந்தாத் தீவுகள் வரை பரந்திருக்கின்றன. ஹெக்ஸார்த்ரியஸ் டேவிசோனி நம் தெற்கு மலைகளில், அதன் உறவினர்கள் இமயத்திலும் சுமத்ராவிலும் ஜாவாவிலும். நடுவில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் அவற்றுக்கு வாழ இடமில்லாத வறண்ட பீடபூமி.

இந்த இடைவெளியை விளக்க மீனியலாளர் சுந்தர்லால் ஹோரா சொன்னது சாத்பூரா கருதுகோள். மலேய மலையோடை மீன்கள் விந்திய-சாத்பூரா மலைத்தொடரைப் பாலமாகக் கொண்டு மேற்கே வந்து, பிறகு தெற்கே இறங்கின என்பது. வண்டுகளுக்கும் இதை அப்படியே ஒட்டியவர்கள் உண்டு. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. மலைத்தொடர் இருந்தால் மட்டும் போதாது, அதன்மேல் ஈரக்காடு அறுபடாமல் இருந்திருக்க வேண்டும். இன்றைய வறட்சி பழையதல்ல. இந்தியத் துணைக்கண்டம் படிப்படியாக வறண்டு, வெப்பப் புல்வெளி பரவியது பெரும்பாலும் கடந்த ஒரு கோடி ஆண்டுக்குள்தான். அதற்குமுன் ஈரக்காடு இடையிலும் பரந்திருந்தால், குறிப்பிட்ட பாலம் எதுவும் தேவையில்லை. கொம்பு வண்டின் புழு உளுத்த மரத்தைத் தின்று வளர்வது. காடு போன இடமெல்லாம் அதுவும் போயிருக்கும். நடுக்காடு வற்றியபோது இரு முனைகளில் மிச்சம் நின்றது. வந்த வழி என்று நாம் தேடுவது பல சமயம் அழிந்துபோன நடுப்பகுதியைத்தான்.

வராதவற்றையும் எண்ண வேண்டும். கராபஸ் என்ற தரைவண்டுப் பேரினத்தில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள், வடகோளத்தின் குளிர்நிலமெங்கும். காஷ்மீர் வரை உண்டு. நீலகிரியின் உயர்மலைக் காடான சோலையின் குளிரும் ஈரமும் அதற்குத் தோதானவை, ஆனால் அங்கே ஒன்றுகூட இல்லை. அதே நீலகிரியில் இமயத்துக் காட்டுப்பூவரசு, சிவப்பு ரோடோடென்ட்ரான், மலையெங்கும் பூத்துக் கிடக்கிறது. செடியின் தூசு விதை காற்றில் வந்தது. கராபஸில் பெரும்பாலானவற்றுக்குப் பறக்கும் சிறகில்லை. நடந்து வர வேண்டும், சூடான சமவெளியை நடந்து தாண்ட முடியாது. ஒரே மலை, ஒரே குளிர். வண்டிச்சத்தம் கொடுக்க முடிந்தது வந்தது, முடியாதது நின்றுவிட்டது.

மேற்கு வாசல் வறண்ட வாசல். தமிழ்நாட்டுச் சமவெளி வண்டுகளில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதன் சாட்சி தீப்பெட்டிக்குள் அடைபட்ட பொன்வண்டு. ஸ்டெர்னோசெராவின் வீச்சு ஆப்பிரிக்கப் புதர்நிலத்திலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தாய்லாந்து வரை. மழை விழுந்து இலை துளிர்த்ததும் வெளியே வரும். புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளரும். இரண்டு காரணங்களாலும் அதற்கு வேண்டியது வேல மரங்கள் நிற்கும், நீண்ட வறட்சியுள்ள நிலம். அடர்ந்த மழைக்காட்டில் அதைத் தேடிப் பயனில்லை. பிள்ளைகள் அதற்குத் தீனியாகப் போடுவது கொடுக்காப்புளி இலை. அந்த மரமோ மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்கச் சொந்தமுள்ள வண்டு அமெரிக்க மரத்தை மேய்வதைத்தான் நாம் அசல் கிராமத்துக் காட்சி என்கிறோம்.

ஆறுபுள்ளித் தரைவண்டு, ஆன்தியா செக்ஸ்குட்டாட்டா, இன்னும் திடமான சாட்சி. கருத்த பெரிய உடல், ஆறு வெண்புள்ளிகள், சீண்டினால் கண்ணை எரிக்கும் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஃபேப்ரீசியஸ் 1775லேயே விவரித்தது. ஆன்தியா இனங்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில், சில அரேபியாவில், கிழக்கு விளிம்பில் இந்தியா. இது பறக்காத வண்டு. அரேபியத் தட்டு ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவைத் தொட்ட பிறகு, வறண்ட நிலம் தொடர்ச்சியாக இருந்த ஏதோ ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நடந்துவந்த பரம்பரை என்று கொள்வதே எளிய விளக்கம். கோண்டுவானாவை இழுக்க அவசியமே இல்லை.

சாணி வண்டுகளில் இரண்டு வாசல்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. திறந்தவெளிச் சாணத்தில் உருட்டும் ஜிம்னோப்ளூரஸ், மாட்டுச் சாணத்தடியில் குழி பறிக்கும் ஓனிடிஸ், யானைப் பிண்டத்தில் வேலை செய்யும் ஹீலியோகாப்ரிஸ் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பொதுவான பேரினங்கள். பெரிய மேய்ச்சல் விலங்குகள் போன வழியில் இவையும் போயின. சாணம் இருந்தால் போதும், அடுத்த மந்தைக்குப் பறந்துவிடும். நம் மலைக் காட்டுக்குள் நுழைந்து சருகைச் சலித்தால் ஓக்கிகாந்தான் என்ற சின்ன வண்டு வரும். தெற்காசிய, தென்கிழக்காசிய மழைக்காட்டுப் பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் பல இனங்கள் சிறகை இழந்தவை, மலைக்கு மலை வேறு. மாட்டுச் சாணப் பொறியை மட்டும் வைத்து இந்த மலையின் சாணி வண்டுகளைப் பட்டியலிட்டால், பட்டியல் பாதி ஆப்பிரிக்காவைப் போலத் தோன்றும்.

சிறகு என்ன செய்கிறது என்பதைக் கையில் ஒரு வண்டை வைத்தே பார்க்கலாம். உலர்ந்த மாதிரியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். முதுகின் நடுக்கோட்டில் மெல்லிய ஊசியை நுழைத்து, ஒரு பக்க உறைச்சிறகை, அதாவது கெட்டியான மேல்சிறகை, மட்டும் வெளிப்புறமாகத் தூக்குங்கள். எளிதாக எழும்பினால் அடியில் மடிந்த சவ்வுச் சிறகு இருக்கும். அதை விரித்தால் உடலைவிட நீளம், நடுவில் மடிப்புக் கீல் தெரியும். கீல் இல்லாமல் பட்டைபோல் குறுகியிருந்தால் அது பறக்காது. சிலவற்றில் செதில் அளவுக் குச்சிதான் மிஞ்சியிருக்கும். ஊசி நுழையவே மறுத்தால் அழுத்தாதீர்கள். இரு உறைகளும் நடுக்கோட்டில் ஒட்டிப்போயிருக்கின்றன, அதுவே பதில். வெளியிலிருந்தே ஊகிக்கவும் வழி உண்டு: பறக்கும் வண்டின் உறைச்சிறகுத் தோள் சதுரமாக முட்டி நிற்கும், பறக்காததில் தோள் சரிந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் நடுவிலுள்ள மார்புத் தகடு குட்டையாகியிருக்கும். பறக்கும் தசைக்கு இடம் தேவைப்படாததால் வந்த சுருக்கம் அது. ஒரே இனத்தில் சிறகுள்ளதும் சிறகற்றதும் கலந்திருப்பதுண்டு என்பதால் ஒன்றைத் திறந்துவிட்டு முடிவு எழுதக்கூடாது. குறைந்தது ஐந்தாறு பார்க்க வேண்டும், இரு பாலிலும்.

அட்லாண்டிக் கடலில் உள்ள மெடீராத் தீவின் 550 வண்டினங்களில் 200 பறக்க முடியாதவை என்று பூச்சியியலாளர் வொல்லாஸ்டன் கண்டதை டார்வின் எடுத்தாண்டார். காற்று கடலில் தள்ளிவிடும், அதனால் பறக்காதவை பிழைத்தன என்பது அவர் விளக்கம். மலைத் தரைவண்டுகளை ஆராய்ந்த டார்லிங்டன் 1943இல் வேறு பக்கம் விரல் நீட்டினார்: சிறிய, நிலையான வாழிடத்தில் சிறகு வீண்செலவு. சோலைக்காட்டுக்கு இரண்டாவதே பொருந்துகிறது. மரத்தடிச் சருகு ஆண்டு முழுதும் ஈரம், தீனி காலடியில். பறக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் சிறகு போனபின் கீழே காடு அறுந்தால், அந்த வண்டுக்கு அடுத்த மலை என்பது அடுத்த கண்டம்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1,700 மீட்டருக்கு மேலுள்ள சோலையில் மட்டும் வாழும் சிறகற்ற வண்டு நீலகிரியில் இருக்கிறது. கணவாயின் தளம் 300 மீட்டருக்கும் கீழே, அகலம் சுமார் 30 கிலோமீட்டர், அப்பால் ஆனைமலை. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. பூமி 5 டிகிரி குளிர்ந்தால் சோலையின் கீழ் எல்லை ஏறத்தாழ 770 மீட்டர் இறங்கி 930 மீட்டரில் நிற்கும். கணவாயை எட்ட இன்னும் 600 மீட்டருக்கு மேல் பாக்கி. அதோடு கடும் பனியுகக் காலம் இங்கே குளிர்ச்சி மட்டுமல்ல, வறட்சியும்கூட. நீலகிரிச் சதுப்புக் கரிமண்ணில் பதிந்த கார்பன் வகைகளின் விகிதம் அப்போது புல்வெளி ஓங்கியிருந்ததைக் காட்டுகிறது. குளிர்ந்தாலும் காடு இறங்கவில்லை, புல்தான் ஏறியது. அதனால் கணவாயின் இரு பக்கமும் ஒரே சிறகற்ற சோலை வண்டு கிடைத்ததாகப் பதிவு வந்தால், முதலில் அடையாளத்தைச் சந்தேகிப்பதே முறை. இரண்டு இனங்கள் ஒரே பெயரில் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். செங்கோட்டைக் கணவாய் இதைவிடக் குறுகியது என்பதால் அதன் பிளவு எல்லா வண்டுக்கும் ஒரே மாதிரி தெரியாது.

இலங்கையில் இதே கேள்வி கடலோடு வருகிறது. கடைசிப் பனியுக உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நடந்தே போகலாம். இருந்தும் இலங்கையின் தென்மேற்கு ஈரக்காட்டு வண்டுகளும் நம் மலை வண்டுகளும் பெரும்பாலும் வேறுவேறு இனங்கள். டெரோக்ரேனியா இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பேரினம், ஆனால் அதன் இனங்கள் குவிந்திருப்பது தீவில். பாலமாக இருந்தது ராமநாதபுரத்தையும் மன்னாரையும் போன்ற வறண்ட நிலம். பொன்வண்டுக்கு அது ராஜபாட்டை, நிழல்மரத்தில் ஓடும் சிறகற்ற புலி வண்டுக்கு அது பாலைவனம். 2004இல் தவளை, நன்னீர் நண்டு, மீன், மண்பாம்பு போன்றவற்றின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வும் இரு கரைகளுக்கும் இடையே கலப்பு குறைவு என்றே காட்டியது. அதில் வண்டு இல்லை, ஆனால் ஈரக்காட்டு வண்டுகளுக்கு அதே நியாயம் செல்லும்.

சருகடி வண்டுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெஸுஷே, லோப்ல், முஸ்ஸார் மூவரும் 1970இல் இலங்கையிலும் 1972இல் தென்னிந்தியாவிலும் சலித்தெடுத்த மண்ணிலிருந்து வந்தது. வலையும் விளக்கும் வைத்து நூறாண்டு தேடியவர்கள் கண்ணில் படாத உலகம் அது. விளக்குப் பொறிக்கு வருவது பறப்பவை மட்டும், பறப்பவை பரந்து வாழ்பவை. விளக்கொளியை மட்டும் நம்பினால் எந்த மலையிலும் ஓரிடவாழ் வண்டு குறைவாகவே இருப்பதாகத் தோன்றும்.

சலிக்கும் முறை எளிது, கெடுவதும் எளிது. ஒரு சதுர மீட்டர் சருகை அடிமண் பொடியோடு வாரி, ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் குலுக்க வேண்டும். விழுந்த தூளை வலைப்பைகளில் நிரப்பி, துணிக்கூண்டுக்குள் தொங்கவிட்டு, அடியில் சாராயக் குப்பி. மூன்று நாளில் தூள் உலர உலர வண்டுகள் கீழிறங்கி விழும். மழைநாளில் எடுத்த சருகு மூன்று நாளில் உலராது, கீழே ஒன்றும் விழாது, 'இந்தக் காட்டில் வண்டில்லை' என்று தவறாக முடிந்துவிடும். அப்போது ஐந்து நாள் வரை விடுங்கள், நடுவில் ஒருமுறை தூளைக் கிளறிப் போடுங்கள். மரபணு எடுப்பதாக இருந்தால் 70 சதவீதச் சாராயம் போதாது, 95க்கு மேல் வேண்டும்.

சாணப் பொறிக்கு மண்ணோடு மட்டமாகப் புதைத்த கிண்ணம், மேலே 200 கிராம் புதுச்சாணம், பொறிக்குப் பொறி 50 மீட்டர். நெருக்கமாக வைத்தால் ஒரு பொறியின் மணம் அடுத்ததன் வண்டையும் இழுத்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும். குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணம் வேண்டாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கிண்ணமும் புதைக்க முடியாது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் நிபந்தனைகள் வேறு. முதலில் பெயர் சூட்ட அடிப்படையான பழைய மூலமாதிரிகளோ லண்டனிலும் பாரிஸிலும் ஜெனீவாவிலும். நீலகிரி வண்டு ஒன்று புதிய இனமா என்று உறுதிசெய்ய, அதன் நூற்றாண்டுப் பழைய அண்ணனைக் கடல்கடந்து பார்க்க வேண்டிய நிலை.

கடைசி அடுக்கு மனிதன் சுமந்தது. இதற்கு மட்டும் தேதியே இருக்கிறது. காபிக்காய்த் துளைப்பான் ஆப்பிரிக்க வண்டு. இந்தியாவில் முதலில் கண்டது 1990இல் கூடலூரில். மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு க்ரிப்டோலீமஸ் 1898இலேயே இறக்கப்பட்டது. பார்த்தீனியத்தை மேயும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது, இன்று சாலையோரமெங்கும். நாம் அனுப்பியதும் குறைவல்ல. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு சமோவாவில் இறங்கியது. பிறகு பசிபிக்கில் தீவு தீவாகத் தாவி, 2007இல் குவாமையும் 2013இல் ஹவாயையும் எட்டியது. மாங்கொட்டைக் கூன்வண்டு கொட்டைக்குள் பத்திரமாக அமர்ந்தபடி மாம்பழம் போன பல நாடுகளுக்கும் போய்விட்டது.

இந்த அடுக்கு மற்ற அடுக்குகளோடு கலந்துவிடுவதுதான் இனிவரும் சிக்கல். வறண்ட நிலத்து வண்டு ஒன்று மலையில் புதிதாகக் கிடைத்தால், அது பழைய விருந்தாளியா, போன வருடம் தைல மரக்கன்றுத் தொட்டியில் ஏறி வந்ததா? சீட்டில் 'கொடைக்கானல்' என்று மட்டும் இருந்தால் விடை கிடைக்காது. நான்கு தசம இடத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகை, மீட்டரில் உயரம், நாள், பிடித்த முறை, எந்த மரத்தில் அல்லது எதன் சாணத்தில், பக்கத்தில் தோட்டமா சோலையா என்பது வரை அந்த விரற்கடைக் காகிதத்தில் எழுத இடம் இருக்கிறது. பென்சிலில் எழுதுங்கள், அல்லது சாராயத்தில் கரையாத மையில். பந்துமுனைப் பேனா மை ஒரே வாரத்தில் குப்பிச் சாராயத்தில் கரைந்துவிடும்.